பழங்குடி மக்களுக்குத் துணை நிற்பது: மெல்போர்னில் இருக்கும் தேவகோட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். தேவகோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் மெல்போர்னில் வேலை பார்க்கிறார். அங்கே அலுவலகக் கூட்டம் ஒவ்வொன்றும், “நாம் கூடியிருப்பது வுருன்ஜெரி மக்களின் நிலம், அவர்களுடைய பெரியோர்களை வணங்குகிறோம்” என்று சொல்லித்தான் தொடங்குகிறதாம். இவரும் சொல்கிறார். சொல்லிவிட்டால் ஆயிற்றா, உண்மையில் துணை நிற்பது எப்படி என்று கேட்கிறார். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நரிக்குறவர்களுக்குத் துணிமணி சேர்த்துக் கொடுத்து, அதை வீடியோவாகப் போட்டால் நாலு பேருக்குத் தெரியுமே என்று ஒரு யோசனையும் வைத்திருக்கிறார். அவருடைய அப்பச்சியோ, “அவர்களே வடக்கேயிருந்து வந்தவர்கள், அவர்கள் எப்படிப் பூர்வகுடி ஆவார்கள்?” என்கிறாராம்.

அப்பச்சி கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன் தம்பி, அது நல்ல கேள்வி. நரிக்குறவர்கள் வீட்டில் பேசும் வாக்ரிபோலி, குஜராத்திக்குப் பக்கத்து உறவான மொழி. வடமேற்கிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்னால் நகர்ந்து வந்தவர்கள்தான். ஆனால் நம் கதை என்ன? காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுக் கிளம்பி, பாண்டி நாட்டில் இளையாத்தங்குடியில் வந்து இறங்கியவர்கள் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களாகிய நாம், என்று நம் மரபுச் செய்தியே சொல்கிறது. யார் முதலில் வந்தார்கள் என்று பார்க்கப் போனால் செட்டிநாட்டில் பாதிப் பேர் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். இந்திய அரசும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஐ.நா. பொதுச்சபையில் 2007 செப்டம்பரில் பூர்வகுடி மக்கள் உரிமைப் பிரகடனம் வந்தபோது இந்தியா ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டது. எதிர்த்தவை நாலே நாடுகள், உங்கள் ஆஸ்திரேலியா அதில் ஒன்று. ஆனால் உள்நாட்டில் எல்லா இந்தியரும் பூர்வகுடிகளே என்பது நம் அரசின் நிலை. பழங்குடிப் பட்டியலில் சேர்க்க அது பார்ப்பது வேறு: தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழ்க்கை, வெளியாரோடு பழகத் தயக்கம், பின்தங்கிய நிலை இப்படி. 1965-இல் மத்திய அரசு அமைத்த லோகூர் குழு வைத்த அளவுகோல் அது. அதே குழு நரிக்குறவர்களையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. சேர்ந்தது எப்போது தெரியுமா? 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் ஏற்று, 2023 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த பிறகு. தமிழ்நாட்டுப் பட்டியலில் அவர்கள் 37-ஆவது.

ஒரு பரிந்துரை நடைமுறைக்கு வர 57 வருஷம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். துணை நிற்பது என்று நான் சொல்வதில் பெரும்பங்கு, இந்த மாதிரி நீண்டுகொண்டே போகும் காரியத்தில் கூட இருப்பதுதான்.

அந்தப் பட்டியல் மாற்றத்தால் கைக்கு என்ன வந்தது என்று பார்ப்போம். முதலாவது, சட்டப் பாதுகாப்பு. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினருக்கும் பட்டியல் பழங்குடியினருக்கும் மட்டும் பொருந்தும். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்த வரைக்கும் நரிக்குறவர் ஒருவரை நடுத்தெருவில் சாதி சொல்லி அவமானப்படுத்தினாலும் அந்தச் சட்டத்தில் வழக்குப் போட வழி கிடையாது. இப்போது உண்டு. இரண்டாவது, கல்வியிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மத்திய அரசில் பழங்குடியினருக்கு 7.5 சதவீதம், தமிழ்நாட்டில் 1 சதவீதம். அந்த ஒரு சதவீதத்துக்குள்தான் மலையில் இருப்பவர்களும் சமவெளியில் இருப்பவர்களுமாக 37 பிரிவினரும் வர வேண்டும். இவர்கள் விட்டுவந்த மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்கோ 20 சதவீதம். ஆகவே, “சேர்த்தாச்சு, இனி என்ன குறை” என்று யாராவது சொன்னால் இந்த எண்களை எடுத்துச் சொல்லுங்கள். ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் மலைவாழ் மக்களுக்குக் கவலை வந்தால் அதையும் பொறாமை என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு பழங்குடிக்குத் துணை போகிறேன் என்று இன்னொரு பழங்குடியோடு மல்லுக்கு நிற்பது வெளியாள் வேலை அல்ல.

மூன்றாவது, சாதிச் சான்றிதழ். என் வக்கீல் தொழிலில் இவர்களோடு பழக்கம் வந்ததே இதனால்தான். மற்றவர்களுக்குத் தாசில்தார் கையெழுத்தோடு வேலை முடிந்துவிடும். பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். காரைக்குடிக்காரர்கள் இதற்குத் தேவகோட்டைக்கு வர வேண்டும். வந்தால், பையனின் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொரு பெயர். அப்பாவிடம் இருக்கும் பழைய சான்றிதழ் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று சொல்லும். தாத்தா பிறந்ததற்கு எந்தக் காகிதமும் கிடையாது, அவர் பிறந்தது எந்த ஊர் வெளியிலோ, கூடாரத்தில். விசாரணைக்கு ஆள் வருகிற நாளில் குடும்பமே வேளாங்கண்ணிக்கோ சபரிமலைக்கோ பாசிமணி விற்கப் போயிருக்கும். வீட்டில் ஆளில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். சமவெளியில் இருக்கும் காட்டுநாயக்கர்களுக்கு இது இன்னும் பெரிய தலைவலி. காட்டில் இல்லாதவர் எப்படிக் காட்டுநாயக்கர் என்ற சந்தேகம் அதிகாரிகளுக்குத் தீர்வதே இல்லை. அந்தச் சமூகம் பட்டியலில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது, ஆனாலும் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கும் நேரத்தில் சான்றிதழ் கையில் இருக்காது.

தம்பி, உங்களைப் போன்றவர்கள் உண்மையில் உதவக்கூடிய இடம் இது. உங்களுக்கு ஆங்கிலம் தெரியும், படிவம் தெரியும், ஆன்லைனில் விண்ணப்பம் எங்கே தேங்கி நிற்கிறது என்று பார்க்கத் தெரியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுத அரைமணி நேரம் போதும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உங்களை உட்காரச் சொல்வார். அவர்களை நிற்க வைத்தே அனுப்புவார். அந்த நாற்காலி மரியாதை நமக்கு எப்படி வந்தது என்று யோசிப்பது ஒருபக்கம் இருக்கட்டும், இருக்கிறவரை அதை அவர்கள் காரியத்துக்குச் செலவழிக்கலாம். ஒரே நிபந்தனை: பேசுவது அவர்களாக இருக்க வேண்டும். அதிகாரி உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டால், “அவங்களையே கேளுங்க சார்” என்று திருப்பிவிடுங்கள்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய முன்மாதிரி வாச்சாத்தி. 1992 ஜூன் 20, தர்மபுரி மாவட்டத்து மலையடிவாரக் கிராமம் அது. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். (உங்கள் நாட்டில் பூர்வகுடிகளின் நில உரிமை பற்றிய மாபோ வழக்கின் தீர்ப்பு வந்ததும் அதே 1992 ஜூன்தான், 3-ஆம் தேதி. வெள்ளையர் வருமுன் அந்த மண் யாருக்கும் சொந்தமில்லாத மண் என்ற சட்டக் கற்பனையை ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றம் அன்று தள்ளுபடி செய்தது.) தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் அந்த ஊருக்குப் போனார்கள், அதற்குப் பிறகு விட்டு விலகவில்லை. மனு, மேல்மனு, சி.பி.ஐ. விசாரணை, அடையாள அணிவகுப்பு, சாட்சிகளை மிரட்டாமல் பார்த்துக்கொள்வது என்று 19 வருஷம் ஓடியது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்தே போயிருந்தார்கள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதி அந்த ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு, 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார்.

நான் இந்த வழக்கில் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். வழக்கைத் தூக்கிச் சுமந்தவர்கள் வெளியாட்கள், ஆனால் வழக்கு நின்றது அந்தப் பெண்களின் வாக்குமூலத்தில். அடையாளம் காட்டியது அவர்கள். சங்கத்துக்காரர்கள் அவர்களுக்குப் பதிலாகப் பேசியிருந்தால் முதல் வருஷமே கதை முடிந்திருக்கும். நீலகிரி கூடலூரில் 1980-களில் தொடங்கிய அக்கார்டு என்ற தொண்டு அமைப்பும் கிட்டத்தட்ட இதே வழியில் போனது. வெளியிலிருந்து வந்தவர்கள் ஆதிவாசிச் சங்கத்தைக் கட்ட உதவினார்கள், அங்குள்ள ஆதிவாசிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்து மருத்துவமனையை நடத்தினார்கள்.

சரி, துணிமணி விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பழைய துணி மூட்டையோடு கார்கள் வந்து நிற்பது அவர்களுக்குப் புதிதல்ல. பாதியை உடுத்த முடியாது, மீதி குப்பை. துணிக்குப் பதில் என்ன என்று என்னைக் கேட்டால் வட்டிக் கணக்கைப் பாருங்கள் என்பேன். அது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாசி, மணி, பிளாஸ்டிக் சாமான் எல்லாம் மொத்த வியாபாரியிடம் முன்பணம் கொடுத்து எடுக்க வேண்டும். அந்த முன்பணம் தண்டல்காரரிடம் வருகிறது, தினவட்டிக்கு. பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் நாள் முழுக்க நின்று விற்றதில் ஒரு பங்கு சாயங்காலம் தண்டலுக்குப் போய்விடும். 2020-இல் வந்த மத்திய அரசின் ஸ்வநிதி திட்டத்தில் தெருவோர வியாபாரிகளுக்கு ஈடு இல்லாமல் வங்கிக் கடன் உண்டு. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகராட்சியோ மாநகராட்சியோ கணக்கெடுத்து அடையாளச் சான்று தர வேண்டும், கணக்கெடுக்காமல் விரட்டக் கூடாது. ஊர் ஊராகப் போய் விற்பவர்களை அந்தக் கணக்கெடுப்பு எளிதில் விட்டுவிடும். ஒரு குடும்பத்தை அந்தக் கணக்கில் ஏற்றி, வங்கியில் கடன் வாங்கித் தந்து, தண்டலிலிருந்து வெளியே கொண்டு வந்தால் அது நூறு சேலைக்குச் சமம். அதையும் அவர்கள் வேண்டும் என்றால் மட்டும்.

அப்புறம் பேரம். ஏ.சி. கடையில் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு வாய் மூடிப் பணம் கட்டுகிறவர்கள், கோயில் வாசலில் 50 ரூபாய் மாலையை 20-க்குக் கேட்பார்கள். சொன்ன விலைக்கு வாங்குங்கள். கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் பழைய வீடுகளை விடுதியாக மாற்றி நடத்தும் உறவுக்காரர்கள் உங்களுக்கு இருந்தால், வாசலில் ஒரு மேஜை போட்டு அவர்களே விலை வைத்து விற்க இடம் கேளுங்கள். அவர்களிடம் மலிவாக வாங்கி உள்ளே ‘பழங்குடிக் கலைப்பொருள்’ என்று நாலு மடங்குக்கு விற்பது இன்னொரு சுரண்டல். மெல்போர்னிலும் இதே சங்கதிதான். நீங்கள் ஊருக்கு வாங்கி வரும் பூமராங், புள்ளி ஓவியத் தட்டு எல்லாம் பழங்குடிக் கலைஞர்கள் கை வைத்ததா என்று பாருங்கள். அங்கே விற்கும் அந்த வகை நினைவுப் பொருள்களில் பாதிக்கு மேல் போலி என்று ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையமே 2022-இல் சொல்லியிருக்கிறது.

நம் பக்கத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977-இல் வந்தது. கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று பத்திரிகைகள் வருஷா வருஷம் எழுதும். நல்ல காரியம்தான், எனக்கும் பெருமை. ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் வேட்டையை நிறுத்தியபோது, கவுதாரியையும் காடையையும் நம்பிப் பிழைத்த நரிக்குறவர்களுக்கு மாற்றுத் தொழில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. பறவை பிழைக்க வேண்டும் என்று முடிவு செய்தோம், அந்தச் செலவை யார் தலையில் கட்டினோம் என்று பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் நரிக்குறவர் நல வாரியம் வந்ததே 2008-இல்.

பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். “அதுகளைப் பெத்தவங்ககிட்டேருந்து பிரிச்சு ஹாஸ்டல்ல போட்டாத்தான் உருப்படும்” என்று நம் ஊரில் நல்ல மனிதர்களே சொல்வார்கள். உங்கள் நாட்டில் அதைத்தான் செய்தார்கள். பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிடுங்கி, நல்லதுக்குத்தான் என்று சொல்லி வளர்த்தார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. பெற்றோர் தாங்களே விரும்பி விடுதியில் சேர்த்தால் அது வேறு. மற்றபடி, முதல் வகுப்பில் உட்காரும் வாக்ரிபோலி பேசும் பிள்ளைக்கு டீச்சர் பேசும் தமிழ் பாதி புரியாது. அவர்கள் மொழி தெரிந்த, அவர்களிலேயே படித்த ஒரு பெண்ணை வகுப்பில் துணைக்கு வைக்க ஒரு வருஷச் சம்பளத்துக்கு நீங்கள் ஏற்பாடு செய்தால் அது பெரிய உதவி. பள்ளிக்கூடமும் பெற்றோரும் சம்மதித்தால் செய்யலாம்.

இனி, எல்லாவற்றிலும் கடினமானதைச் சொல்கிறேன். நம் வீட்டாரிடம் பேசுவது. 2021-இல் மாமல்லபுரத்துக் கோயில் ஒன்றில் அன்னதானப் பந்தியிலிருந்து நரிக்குறவப் பெண் ஒருவரை எழுப்பி அனுப்பினார்கள். அவர் அதை வெளியே சொன்னதால்தான் அமைச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார், முதல்வர் அந்த ஊருக்குப் போய்ப் பட்டா கொடுத்தார். 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு திரையரங்கில் கையில் டிக்கெட் இருந்தும் உள்ளே விடவில்லை. இது தூரத்து ஊர்க்கதை என்று நினைக்காதீர்கள். முன்னோருக்கு நாம் போடும் படைப்பு, நம் அன்னதானம், நம் கல்யாண வீடு எல்லாவற்றிலும் கடைசிப் பந்திக்கு அப்புறம் வாசலுக்கு வெளியே இலை கொடுப்பதை ‘கொடுக்கிறோமே’ என்று சொல்லிக்கொள்கிறோம். நான் பேசினால் வக்கீல் தொழிலுக்காகப் பேசுகிறான் என்பார்கள், அவர்கள் பேசினால் பேச்சே எடுபடாது. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை, வீட்டுக் காரியத்துக்குப் பணமும் போட்டிருக்கிறது, அது “உள்ளே உட்கார வைத்துப் போடுங்கள்” என்றால் ஆச்சிமார் முணுமுணுத்துக்கொண்டாவது கேட்பார்கள். அந்த முணுமுணுப்பை வாங்கிக்கொள்வது உங்கள் பங்கு.

மெல்போர்ன் பக்கம் எனக்கு ஏட்டறிவுதான், ஆனாலும் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அங்கே போய்க் குடியேறிய நம்மவர்கள், “இது வெள்ளைக்காரனுக்கும் அவர்களுக்கும் உள்ள பழைய வழக்கு, நாம் நேற்று வந்தவர்கள்” என்று ஒதுங்குவது உண்டு. நமக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. பர்மாவை நினைத்துப் பாருங்கள். கீழ்ப்பர்மாவைப் பிடித்தவன் வெள்ளைக்காரன். நாம் கடன்தான் கொடுத்தோம், பத்திரம் சரியாக இருந்தது, சட்டம் நம் பக்கம் இருந்தது. 1930-இல் உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை விழுந்தபோது கடன் திரும்பவில்லை, அடகு நிலம் கைமாறியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 சதவீதம். பர்மிய விவசாயிகள் இன்று நாம் பேசும் பொருளில் பழங்குடிகள் அல்ல என்பது சரிதான். ஆனால் ஒருவரும் சட்டத்தை மீறாமலேயே ஒரு நாட்டு உழவன் காலடி மண் போய்விட முடியும் என்பதற்கு நம் குடும்பக் கணக்குப் புத்தகங்களே சாட்சி. வீட்டு முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூணைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். வுருன்ஜெரி மக்களுக்கு நிலம் எப்படிப் போனது என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

அதனால் அந்தக் கூட்ட வாசகத்தைச் சொல்லும்போது ஒப்புக்குச் சொல்லாதீர்கள், அந்த மக்களைப் பற்றி ஏதாவது தெரிந்துகொண்டு சொல்லுங்கள். விக்டோரியாவில் 2021 முதல் 2025 வரை யூரூக் என்ற உண்மை விசாரணை ஆணையம் நடந்தது. மக்கள் கொடுத்த சாட்சியங்களும் அறிக்கைகளும் பொதுவில் இருக்கின்றன. அலுவலகத்தில் பழங்குடி நண்பர் இருந்தால் அவரைப் பிடித்து வைத்து வரலாறு சொல்லச் சொல்வதற்கு முன் அதைப் படியுங்கள். அவர் வேலை பார்க்க வந்திருக்கிறார், உங்களுக்குப் பாடம் நடத்த வரவில்லை. குடியுரிமை வாங்கிவிட்டால் ஓட்டும் உங்கள் கையில். 2023 அக்டோபர் 14 அன்று பழங்குடி மக்களின் குரலுக்கு அரசியல் சட்டத்தில் இடம் கேட்டு நடந்த வாக்கெடுப்பு ஆறு மாநிலங்களிலும் தோற்றது. இன்னொன்று வந்தால் நம் தமிழ்ச் சங்கத்துக் கூட்டத்தில் அதைப் பேச வைப்பது உங்களால் முடிகிற வேலை.

வீடியோ? அவர்களில் இளைஞர்கள் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. அவர்கள் எடுத்துப் போட்டதைப் பகிருங்கள். நீங்கள் எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள், போடுமுன் காட்டுங்கள், பிள்ளைகள் முகத்தை விட்டுவிடுங்கள். சாமி மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்கவே கேட்காதீர்கள், அது வீட்டுச் சாமி. வீடியோவில் நீங்கள் எவ்வளவு நேரம் தெரிகிறீர்கள் என்று பார்த்து அதைப் பாதியாக வெட்டுங்கள், அப்புறம் மீதியையும் வெட்டுங்கள்.

தைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். விடுப்பை ஒரு வாரம் பின்னால் தள்ளி வாங்க முடியுமா பாருங்கள். பொங்கல் வாரத்தில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் எந்த வேலையும் நடக்காது. அடுத்த திங்கட்கிழமை மனுநாளுக்கு இரண்டு குடும்பங்களோடு போக வேண்டியிருக்கிறது. அவர்களிடம் கேட்டுவிட்டேன், நீங்கள் வருவதில் ஆட்சேபணை இல்லையாம். பேனா இரண்டு கொண்டு வாருங்கள்.